துணிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

அறுபத்தொரு மணி இருபது நிமிடம்.

அந்த ஸ்பீக்கர் ஜோடியை எங்கள் பத்திரிகை ஆசிரியர் உட்கார்ந்து கேட்ட மொத்த நேரம் அது. பதினான்கு நாட்கள், பகலில் மட்டும், ஒரே நாற்காலியில். அறைக்கு வெளியே இருக்கும் சுவிட்சில் ஆம்ப்ளிஃபயரை ஓட விடுவதும் நிறுத்துவதும் நான் என்பதால் நேரத்தைக் குறித்து வைத்ததும் நான்தான். ஒவ்வொரு மதிப்புரையின் கடைசியிலும் அந்த எண்ணைச் சிறிய எழுத்தில் அச்சிடுவோம். "எவ்வளவு நேரம் கேட்டேன்னு சொல்லாதவன் எழுதுறது மதிப்புரை இல்ல, வாழ்த்து மடல்" என்பார் ஆசிரியர்.

எங்களுடையது பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கென்றே வரும் மாதப் பத்திரிகை. அலுவலகத்தில் மூன்றே பேர். ஆசிரியர், பக்கம் வடிவமைக்கும் அண்ணன், நான். இயற்பியல் படித்துவிட்டு இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. அளவெடுப்பதும் ஒயர் இணைப்பதும் என் வேலை. அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. அதனால்தான் சேர்ந்தேன்.

அண்ணன் ஆசிரியருக்கு வைத்த பெயர் 'காது'. "காது வந்தாச்சா?" "காதுக்கு இன்னைக்குக் கோபமா?" என்று அவர் இருக்கும்போதே என்னிடம் கேட்பார். ஆசிரியர் கண்டுகொள்ளமாட்டார்.

அவருக்குச் சில விதிகள் உண்டு. கருவி செய்பவர்கள் வாங்கித் தரும் காபியைக்கூடத் தொடமாட்டார். மதிப்புரைக்கு வந்த எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார். தேன், பட்டு, மாயம் என்ற மூன்று சொற்களை எங்கள் இதழில் பார்க்க முடியாது. ஒன்றை நல்லது என்றோ கெட்டது என்றோ எழுதினால் எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில், எந்த வாத்தியம் என்று எழுதியாக வேண்டும். அறையின் நீள அகலம், நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் எல்லாம் போட வேண்டும். வாசகர் தன் வீட்டில் அதையே செய்து பார்த்து, "நீ பொய் சொல்கிறாய்" என்று நமக்கு எழுத முடிய வேண்டும் என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே துணி விதி. கேட்கும் அறையின் குறுக்கே ஒலி ஊடுருவும் கறுப்புத் துணி ஒன்று தொங்கும். துணிக்குப் பின்னால் என்ன கருவி இருக்கிறது, யார் செய்தது, என்ன விலை, எதுவும் அவருக்குத் தெரியக்கூடாது. எழுதி முடித்து என்னிடம் கொடுத்த பிறகுதான் பெயரைச் சொல்வேன். கேட்பவர் இணைக்கக்கூடாது; இணைப்பவர் கேட்கக்கூடாது. அவர் எழுதி முடிக்கும்வரை அந்தக் கருவியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். முகத்தில்கூட எதையும் காட்டக்கூடாது. எனக்கு அது கஷ்டமில்லை. "இவ முகத்துல என்னைக்கு என்ன தெரிஞ்சிருக்கு?" என்பார் அண்ணன்.

நான் எடுக்கும் அளவுகளும் அதுபோலத்தான். கேட்கும் அறைக்குக் கொண்டுபோகும் முன்பே, பின்கட்டு அறையில் ஒவ்வொரு பெட்டியாகத் தனியே வைத்து, எதிரில் மைக் வைத்து, எந்த ஸ்வரம் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று வரைபடம் எடுப்பேன். அவர் எழுதி முடித்த பிறகே அதைக் காட்டுவேன்.

இந்த ஸ்பீக்கர் விஷயத்தில் வரைபடமும் அவரும் ஒத்துப்போகவில்லை. வரைபடத்தில் பேஸ், அதாவது அடித்தொனி, தாராளமாக இருந்தது. அவரோ இப்படி எழுதியிருந்தார்: 'பேஸ் கிட்டார் வாசிப்பவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய், கதவையும் சாத்திக்கொண்டு வாசிப்பதுபோல் இருக்கிறது. பாடுபவர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இங்கே அவர் எங்கே நிற்கிறார் என்று தேட வேண்டியிருக்கிறது.' வரைபடத்தைப் பார்த்த பிறகு ஒரு வரி சேர்த்தார். 'பேஸ் இருக்கிறது என்கிறது கருவி. இல்லை என்கிறது காது. வாசகர் பாட்டுக் கேட்கப்போவது காதால்தான்.'

அந்த வரியில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

இதழ் வந்ததும் அந்த வரியைத்தான் எல்லோரும் எடுத்துப் போட்டார்கள். பாராட்டி ஏகப்பட்ட கடிதங்கள். வீட்டில் என் அக்கா தலை துவட்டிக்கொண்டே மதிப்புரையைச் சத்தமாகப் படித்தாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு வாசிக்கிறாராம்! மனுஷன் என்னமா எழுதுறாரு. ஆமா, உன் பேரு எங்கடி?"

"வரைபடத்துக்குக் கீழ ரெண்டு எழுத்து இருக்கு பாரு."

"இது உன் பேரா? எறும்பு ஏதோ ஊர்ந்து போயிருக்குன்னு நெனச்சேன்."

இதழ் வந்த ஒன்பதாம் நாள் காலை, ஸ்பீக்கரைச் செய்தவர்கள் அதை எடுத்துப் போக வருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். கணவன் மனைவி இருவர் மட்டுமே நடத்தும் பட்டறை. அவர் மரப்பெட்டி செய்வார், அந்த அம்மா உள்ளே ஒயர்களைப் பற்றவைப்பார். எங்கள் இதழுக்கு அவர்கள் ஒரு பொருள் அனுப்பியது இதுவே முதல் தடவை.

இதழ் வெளிவந்து சில நாட்கள் ஆகும்வரை இணைப்பைக் கலைக்கமாட்டோம். எழுதியதில் யாராவது சந்தேகம் கேட்டால் அப்படியே திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்பதற்காக. அன்று கலைக்க வேண்டிய நாள். துணியை ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன். பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். டார்ச்சை அடித்து இடது பெட்டியின் முதுகைப் பார்த்தேன். பிறகு வலது பெட்டி.



ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஒயர் மாட்ட இரண்டு பித்தளைத் திருகுகள் இருக்கும். ஒன்று சிவப்பு ஒயருக்கு, ஒன்று கறுப்புக்கு. எல்லோரும் இரண்டு பெட்டிகளிலும் சிவப்பை ஒரே பக்கம்தான் வைப்பார்கள். இவர் பெட்டிகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றுக்கொன்று எதிராகச் செய்திருந்தார். இடது பெட்டியில் சிவப்பு இடது பக்கம். வலது பெட்டியில் சிவப்பு வலது பக்கம். திருகின் அடியில் ஓர் எள் அளவு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார், அவ்வளவுதான். நான் முதல் நாள் கையை விட்டுத் தடவி, இரண்டிலும் சிவப்பு ஒயரை இடது பக்கமே மாட்டியிருந்தேன்.

ஒலி வரும்போது இரண்டு ஸ்பீக்கரின் கூம்புகளும் ஒன்றாக முன்னே வர வேண்டும், ஒன்றாகப் பின்னே போக வேண்டும். ஒன்றில் மட்டும் ஒயர் மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். ஒன்றின் பேஸை மற்றது தின்றுவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரல் சிதறிப்போகும். தனித்தனியாக அளந்தால் தெரியாது. சேர்த்துக் கேட்டால்தான் தெரியும். மதிப்புரையில் எழுதியிருந்த ஒவ்வொரு குறையும் இந்த ஒரு ஒயரின் குறை. பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தை மட்டும் நான் குறிக்கவில்லை.

ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றேன்.

"என்னம்மா?"

"சார், ஒரு நிமிஷம்."

"சொல்லு."

"சார், வந்து பாருங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். நான்கு வருடத்தில் அவர் துணிக்குப் பின்னால் வந்ததில்லை. யார் வீட்டுக் குளியலறையிலோ நுழையச் சொன்னதுபோல் ஓரத்தில் தயங்கினார். நான் டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். இடது பெட்டியைப் பார்த்தார். வலதைப் பார்த்தார். மறுபடி இடதைப் பார்த்தார். பிறகு அந்த ஒரு முழ இடைவெளியில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எப்பருந்து?"

"முதல் நாள்லருந்து."

எழுந்து, அவரே திருகைக் கழற்றி வலது பெட்டியின் ஒயரை மாற்றினார். மதிப்புரையில் பேஸ் காணோம் என்று எழுதிய அதே பாட்டைப் போட்டார்.

தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி முணுமுணுத்தது. பாடுபவர் சரியாக நடுவில் வந்து நின்றார்.

அடுத்த அறையிலிருந்து அண்ணன் கத்தினார். "யாருங்க அது கதவைப் போட்டு இடிக்கிறது? யாராவது போய்த் திறங்களேன்!"

நாங்கள் இருவரும் அசையவில்லை. அண்ணனே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் மெதுவாகப் புரிந்தது. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், இது வெளியில தெரிஞ்சா நாம அவ்வளவுதான். அடுத்த இதழ்ல கடைசிப் பக்கத்துல, 'மறுபடி கேட்டோம், நல்லா இருக்கு'ன்னு ரெண்டு வரி போட்டுடலாம். பெட்டியும் பொழைச்சுக்கும், நாமளும் பொழைச்சுக்குவோம்."

ஆசிரியர் பதில் சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது.

பெட்டிக்காரர் ஒல்லியாக இருந்தார். சட்டைப் பையில் ஒரு தச்சுப் பென்சில். அந்த அம்மா அவரைவிட ஒரு பிடி உயரம். சண்டைக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் கைகூப்பினார். உட்காரச் சொல்லியும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். பையிலிருந்து எங்கள் இதழை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மதிப்புரை முழுவதும் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார்.

"சார், நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரிங்க" என்றார்.

ஆசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெட்டிக்காரர் நிறுத்தவில்லை.

"படிச்சதும் எனக்குக் கை கால் ஓடல. வீட்டுல போட்டுக் கேட்டேன். பேஸ் வர்ற மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன், நானே செஞ்ச பெட்டி, எனக்கு நல்லாத்தானே கேக்கும்? இவர் முகம் தெரியாம, பேர் தெரியாம, துணியைப் போட்டுக்கிட்டு கேக்குறவரு. இவருக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்? மூணு நாள் திரும்பத் திரும்பக் கேட்டேன் சார். நாலாவது நாள் நீங்க எழுதின மாதிரியே கேக்க ஆரம்பிச்சிடுச்சு."

சரியாக இணைத்த பெட்டியில், இல்லாத குறையை அவர் கேட்டிருக்கிறார்.

"எனக்கு ஒண்ணும் அப்படிக் கேக்கல" என்றார் அந்த அம்மா. "சொன்னேன். நல்லாத்தானேய்யா இருக்குன்னு சொன்னேன். 'உனக்கு என்ன தெரியும், அவர் இருபத்தாறு வருஷமா இதே வேலையா இருக்குறவரு'ன்னாரு. நானும் கல்யாணமாகி வந்த நாள்லருந்து இவர் பெட்டியைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். இவர் பேச்சைக் கேட்டதைவிட அதுதான் அதிகம்."

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

"சும்மா இருந்ததுனாலதான் இப்ப இங்க உக்காந்திருக்கோம்."

ஆசிரியர் கேட்டார்: "நீங்க... நீங்க பெட்டியில ஒண்ணும் மாத்தலையே?"

"மாத்தாம?" பெட்டிக்காரர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "பேஸுக்குப் பின்னாடி காத்துப் போக ஓட்டை விட்டிருப்போம்ல, அது சின்னதா இருக்குன்னுதானே அர்த்தம்? பட்டறையில தயாரா இருந்த பதினோரு ஜோடியையும் எடுத்து, ஓட்டையைப் பெருசா வெட்டிட்டேன் சார். இப்ப பேஸ் வருது. கொஞ்சம் கொழகொழன்னு வருது, அவ்வளவுதான்."

"கொஞ்சமா? சேத்துல கல்லு விழுற மாதிரி விழுது" என்றார் அந்த அம்மா. "வாங்குறதுக்குச் சொல்லி வெச்சிருந்தவங்க எல்லாரும் உங்க புத்தகம் வந்த ரெண்டாம் நாளே வேண்டாம்னுட்டாங்க. சரி, திருத்திக் காட்டினா வாங்குவாங்கன்னுதான் வெட்டினாரு. இந்தப் பதினொண்ணும் போகலைன்னா பட்டறையைப் பூட்டிட்டு இவரு கதவு ஜன்னல் செய்யப் போக வேண்டியதுதான்."

இருபத்திரண்டு பெட்டிகள். வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது. அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி என்ற யோசனையை அவர் திரும்பச் சொல்லவில்லை.

"ஓட்டை சரியாத்தான் இருந்துச்சு" என்றார் ஆசிரியர்.

"என்ன சார்?"

"உங்க பெட்டியில எந்தக் குறையும் இல்ல. நாங்க ஒயரை மாத்தி மாட்டியிருக்கோம். வலது பெட்டியில சிவப்பும் கறுப்பும் இடம் மாறி. பதினாலு நாளும் அப்படியேதான் நான் கேட்டிருக்கேன். இன்னைக்குக் காலையிலதான் பார்த்தோம்."

பெட்டிக்காரர் சிரித்தார். பெரிய மனிதர் ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தவர்போல. யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

ஆசிரியர் அவர்களைக் கேட்கும் அறைக்கு அழைத்துப் போனார். துணி ஒதுங்கியே கிடந்தது. பெட்டிக்காரரைத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாட்டைப் போட்டார்.

பெட்டிக்காரர் ஒரு நிமிடம் கேட்டார். பிறகு எழுந்து பெட்டியின் பின்பக்கம் போய், அந்த ஓட்டைக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். பேஸ் வரும்போதெல்லாம் அந்தக் காற்று அவர் கையில் பட்டிருக்கும். கையை எடுக்கவேயில்லை.

"இதுதான்" என்றார். "இதுதான் நான் செஞ்சது." பிறகு மனைவியைப் பார்த்தார். "அப்ப நாலாவது நாள் எனக்குக் கேட்டது என்ன?"

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆசிரியர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அறுபத்தொரு மணி இருபது நிமிஷம்னு போட்டிருக்கீங்க. அத்தனை நேரத்துல ஒரு ஆளுக்குக்கூடவா சார் சந்தேகம் வரல?"

ஆசிரியர் தன் அறைக்குப் போய், கேட்கும்போது குறிப்பு எழுதும் நோட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்தைத் திறந்தார்.

"வந்துச்சும்மா. முதல் நாள், ரெண்டாவது பாட்டுலயே வந்துச்சு. இதோ எழுதியிருக்கேன். 'இணைப்பு மாறியிருக்குமோ?' புதுசா வேலைக்கு வந்தவன்கூடக் கண்டுபிடிப்பான். எனக்கு வராம இருக்குமா?"

"கோடு போட்டு அடிச்சிருக்கீங்களே" என்றார் அந்த அம்மா.

"ஆமா. அடிச்சிட்டேன்."

"பக்கத்துல என்னவோ எழுதியிருக்கே."

அவர் நோட்டை மூடப்போனார். அந்த அம்மா அதற்குள் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார். "'அவள் தவறமாட்டாள்.' யாரு அவ?"

நான்கு வருடத்தில் அவர் என்னை ஒரு தடவையும் பாராட்டியதில்லை. அந்த நோட்டில் எழுதியிருக்கிறார்.

"யாரா இருந்தா என்ன?" என்றார் ஆசிரியர். "கையெழுத்து என்னுது. எழுந்து பின்னாடி போய்ப் பார்க்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது. எங்க விதியைக் காப்பாத்திக்கிட்டு உங்க பட்டறையைக் கெடுத்துட்டேன். வர்ற இதழ்ல முதல் பக்கத்துல நடந்ததை நடந்தபடி எழுதுறேன்."

"எழுதினா வெட்டின பெட்டி பழையபடி ஆயிடுமா?"

"ஆகாது."

அந்த அம்மா என்னிடம் வந்தார். அறையில் இருந்த இன்னொரு பெண் நான் மட்டும்தான். யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"நீயாம்மா மாட்டினே?"

தலையை ஆட்டினேன்.

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் தோளில் கை வைத்தார். "இவரு திருகை இப்படி எதிரும் புதிருமா வைக்கும்போதே சொன்னேன், மாட்டுறவங்க குழம்புவாங்கன்னு. அழகா இருக்கும்னாரு. இருட்டுல கையை விட்டு மாட்டினா யாருக்குத்தான் தெரியும்? நீயும் கேக்கவே கூடாதாம்ல. கேட்டாத்தானே தப்புன்னு தெரியும். உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, விடு."

"அவ சின்னப் பொண்ணு, பாவம்" என்றார் பெட்டிக்காரர், பெட்டிக்குப் பின்னாலிருந்தே.

"ஆமாங்க, அவ உள்ளேயே வரமாட்டா" என்றார் அண்ணன்.

ஆசிரியர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். நான் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது எனக்குத் தெரிந்த வேலை.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போய் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினேன்.

"என்னம்மா சொன்னே?" என்றார் ஆசிரியர்.

"ரெண்டாவது நாள் மழை வந்துச்சு சார். ஜன்னலைச் சாத்த உள்ளே வந்தேன். நீங்க கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தீங்க. ஒரு அரை நிமிஷம் என் காதுலயும் விழுந்துச்சு. ஒயரை மாத்தி மாட்டிட்டேன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். விதிப்படி வாயை மூடிக்கிட்டேன்; நீங்க எழுதி முடிச்ச பிறகும் திறக்கல."